கஜாவுக்கு வருஷப் படையல்

ஜூன் 3, திங்கள்

என் பெயர் தவமணி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடிப்பது இன்றைக்குத்தான். பியூலா மேடம் இந்த டைரியைக் கையில் கொடுத்து, "தினமும் எழுதுங்க தவமணி. ஒரு வரியா இருந்தாலும் பரவால்ல. பொய் மட்டும் எழுதாதீங்க. நான் படிக்க மாட்டேன்" என்றார். நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்றால் பொய் எழுதினால்தான் என்ன என்று கேட்டேன். "நீங்க படிப்பீங்களே" என்றார்.

பியூலா மேடம் இந்த மறுகரை இல்லத்தில் கவுன்சிலர். ராயபுரத்தில் பழைய மரக் குடோன் ஒன்றுக்கு நடுவே சுவர் எழுப்பி, பெண்களுக்காக நடத்துகிறார்கள். பிளாட்பாரத்தில் படுத்தவர்கள், வீடு இடிபட்டவர்கள், குடித்தவர்கள். நான் மூன்றும். இப்போது முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறோம். நான் வந்து ஒன்பது வாரம் ஆகிறது. ஒன்பது வாரமாக ஒரு சொட்டு இல்லை. இந்த வரி மட்டும் எழுத்து கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. இருக்கட்டும்.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி என் மகன் கஜேந்திரனுக்கு வருஷம். அவன் படையலுக்கு முன்னால் பெற்றவளாக நான் உட்கார வேண்டும். அவன் காரியத்தில் நான் இல்லை. உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. மருமகள் மேகலா என்னை உள்ளே விட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஜூன் 4, செவ்வாய்

முப்பத்தெட்டுப் பேருக்கு ரவா உப்புமா. ஒரு கட்டி இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

இன்று ஒரு பெண்ணை சென்ட்ரல் பக்கத்திலிருந்து கூட்டி வந்தார்கள். முப்பது வயதுகூட இருக்காது. செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் வந்தாலும் பேர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது. முதலில் சூடாகக் கஞ்சி. அவள் தம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் பேச்சு. போலீஸ் முதலில் பேர் கேட்கும், ஆஸ்பத்திரி முதலில் பேர் கேட்கும், இங்கே முதலில் வயிறு என்று பியூலா மேடம் சொல்வார். அந்தக் கஞ்சி இப்போது என் பொறுப்பு. நொய், பாசிப்பருப்பு, வெந்தயம் கொஞ்சம், பூண்டு நசுக்கி. நான் வந்த அன்று மூன்று தம்ளர் குடித்துவிட்டு, ராணி என்று பொய்ப் பேர் சொன்னேன். அமலு இன்னும் அதை விடவில்லை.

அமலு என்றால் அமலோற்பவம். காசிமேட்டில் மீன் விற்றவள். புருஷன் துரத்தி, பாலத்துக்குக் கீழே இரண்டு வருஷம் இருந்தாள். என் வயதுதான், நாக்கு மட்டும் என்னைவிட நீளம். இன்றைக்கும் அடுப்படியில் வந்து நின்று, "மகாராணி, கஞ்சில உப்பு போட்டாச்சா, இல்ல மந்திரி வந்துதான் போடணுமா?" என்றாள்.

அந்தப் பெண் இரண்டு தம்ளர் குடித்தாள். பிறகு ஷைலஜா என்றாள். நிஜப் பேரா தெரியாது. கேட்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் 'பாஸ்' என்று சொல்லித் தப்பித்தேன். இன்று கஜாவைப் பற்றிச் சொன்னேன்.

கஜா பெயிண்டர். வீட்டுக்குள் நின்று அடிக்கிற பெயிண்டர் இல்லை. மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டி, பலகையில் உட்கார்ந்து, தொங்கிக்கொண்டே வெளிச்சுவர் அடிக்கிறவன். இந்த வேலைக்கு நூறு பெயிண்டரில் நாலு பேர்தான் வருவார்கள். மின்ட் தெருப் பக்கம் ஒரு ஏழு மாடிக் கட்டடம், வெளிர் மஞ்சள், ஓரமெல்லாம் காவி. கிழக்குப் பக்கம் முழுக்க அவன் கை. மேலேயிருந்து கீழே வரை ஒரு இடத்தில் திட்டு இருக்காது. நான் அந்தப் பக்கம் போனால் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். ஒருமுறை வாட்ச்மேன் என்னம்மா பார்க்கிறே என்றார். என் பிள்ளை அடித்தது என்றேன். அவரும் நிமிர்ந்து பார்த்தார்.

கால்வாய்க் கரையில் எங்கள் குடிசை இருந்தபோது நடந்ததையும் சொன்னேன். சுவரெல்லாம் ஈரம். சின்ன வயதில் அவனுக்கு ஓயாத சளி. நெஞ்சு கர்ர்ரென்று இழுக்கும், இரவெல்லாம் தூங்க மாட்டான். டாக்டர் ஊசியில் கேட்காததை நான் கைமருந்து கொடுத்துச் சரி பண்ணினேன். ஷைலஜா, "என்ன மருந்துக்கா?" என்றாள். அவளுக்கும் எங்கேயோ பிள்ளை இருக்கிறது போல. கஷாயம் என்றேன். என்னென்ன போட வேண்டும் என்று கேட்டாள். அடுப்பில் வேலை இருந்தது, எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

நேற்று பாதியில் விட்டதை எழுதுகிறேன். வேறு விஷயம்தான்.

கரைக் குடிசைகளை இடித்தபோது ஊர்க்கோடியில் ஹவுசிங் போர்டு வீடு கொடுத்தார்கள். நாலாவது மாடி. குழாய், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. கஜா முதல் நாள் சுவரைத் தட்டிப் பார்த்து, "அம்மா, ஈரமே இல்ல" என்றான். ஆனால் எனக்குப் பெருக்குகிற வேலை மார்க்கெட்டில். விடிகாலை நாலரைக்கு அங்கே நிற்க வேண்டும். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், அந்த நேரத்துக்கு பஸ்ஸும் கிடையாது. அதனால் வாரத்தில் ஐந்து நாள் மார்க்கெட் பிளாட்பாரத்திலேயே படுத்தேன். என்னைப் போல இருபது பேர் படுத்தோம். சாவி இடுப்பில், படுக்கை ரோட்டில். அழுகல் வாடைக்கும் உடம்பு வலிக்கும் மாலையில் ஒரு கட்டிங் சரக்குப் போடுவது எல்லோருக்கும் வழக்கம். எனக்குக் கரையில் இருக்கும்போதே வழக்கம்தான். கஜா போன பிறகு அளவு போய்விட்டது.

ஜூன் 24, திங்கள்

ஆபீஸ் போனிலிருந்து மேகலாவுக்குப் பேசினேன். குரல் கேட்டதும் வைத்துவிட்டாள். வைப்பதற்கு முன்னால் மூச்சு மட்டும் ஒரு நொடி கேட்டது.

ஜூன் 25, செவ்வாய்

பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையும் தேய்த்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

மீன் வாங்கப் போனேன். சங்கரா கிடைத்தது, நல்ல சிவப்பு. திரும்பி வர நேரமாகிவிட்டது. பஸ் கிடைக்கவில்லை.

வெளியே போய் வருகிறவர்கள் கேட்டில் நிற்பவள் முகத்தில் ஊத வேண்டும், அது இங்கே சட்டம். கேட் டியூட்டியும் நாங்களே முறை வைத்துப் பார்ப்போம். இன்று அமலு முறை. ஊதினேன். ஒன்றும் இல்லை. அவள் விடவில்லை.

"இன்னா லேட்டு?"

"பஸ்ஸு கெடைக்கல."

"மார்க்கெட்டு இந்தத் தெரு முனைல கீது. அங்கேருந்து இங்க வர எந்த பஸ்ஸுடி ஏறுவ, திருப்பதி பஸ்ஸா?"

மீனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மீன் வாங்கி ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகிறது என்று சொல்லிவிட்டாள். மீன்காரியிடம் பொய் சொல்ல முடியாது.

ஜூலை 3, புதன்

பஸ் இல்லை. சரக்குக் கடைக்கு எதிரே பெட்டிக்கடை ஓரமாக நின்றேன். ஒரு மணி நேரம். உள்ளே போகவில்லை. மீன் பை கனத்தது. வேறு யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானாகத்தான் திரும்பி வந்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

மேகலா வந்தாள்.

சொல்லாமல் வந்தாள். நான் கொல்லையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஆள் வந்திருக்கிறது என்று அமலு கத்தினாள். கேட்டுக்கு வந்தால், காட்டன் சுடிதாரில், தோளில் பையோடு, இளைத்துப்போய் நிற்கிறாள். கஜாவுக்கு இருபத்தேழு, இவளுக்கு இருபத்துநாலு. ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் போகிறாள். வேலைக்கு நடுவே பர்மிஷன் போட்டு வந்திருக்கிறாள்.

"உள்ள வாம்மா" என்றேன்.

"இல்ல. இங்கயே சொல்றேன். ஊதுங்க."

அமலு முகம் மாறிவிட்டது. "ஏம்மா, அதுக்குத்தான் நாங்க கீறோமே. நீ யாரு ஊத சொல்ல?" என்றாள். நான் அமலுவை இரு என்று சொல்லிவிட்டு மேகலாவின் முகத்தில் ஊதினேன். காலையில் தின்ற பொங்கல் வாசனைதான் வந்திருக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு எங்க இருந்தீங்க அத்த?"

"ஒடம்பு சரியில்ல மேகலா."

"ஏழுமலை மாமா ரெண்டு மணி நேரம் தேடுனாரு. மார்க்கெட்டு பின்னால, கோணி மேல கெடந்தீங்க. கஜா செத்துட்டான்க்கான்னு காதுல சொன்னாரு. சரி சரின்னு சொல்லிட்டு திரும்பிப் படுத்தீங்க. அவர வண்டியில ஏத்துறப்ப, அவரோட அம்மா எங்க, அம்மா எங்கன்னு ஊரே கேட்டுச்சு. நான் இன்னா சொல்லட்டும்? ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன்."

என் தம்பி ஏழுமலை இதை என்னிடம் சொன்னதில்லை. எனக்கே தெரியும், ஆனால் சொல்லிக் கேட்டதில்லை. வெங்காயக் கையோடு நின்றேன். கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

"அவ சொல்றது நெசம்" என்று அமலுவிடம் சொன்னேன். ஏன் அமலுவிடம் சொன்னேன் தெரியவில்லை. மேகலாவைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

போகும்போது மேகலா சொன்னாள். "பதினொண்ணாம் தேதி வாங்க. நீங்களே சமையுங்க. ஆனா வாசல்ல நிக்க வெச்சு ஊதச் சொல்லுவேன். இருந்துச்சுன்னா அப்டியே திருப்பி அனுப்புவேன். கத்துனாலும் கதவு தொறக்க மாட்டேன்."

"சரிம்மா" என்றேன்.

அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்தேன். அமலு, "கொழுப்பு ஜாஸ்திதான், ஆனா பொண்ணு நல்ல பொண்ணு" என்றாள். ஆமாம் என்றேன். கஜா தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டது.

ஜூலை 21, ஞாயிறு

ஆடி முதல் ஞாயிறு. இல்லத்துக்கு வெளியே கூழ் ஊற்றினோம். இத்தனை வருஷமாக யாராவது நமக்கு ஊற்றினார்கள், இந்த வருஷம் நாம் ஊற்றலாம் என்று நான்தான் வட்டத்தில் சொன்னேன். அமலுவும் ஷைலஜாவும் கை தூக்கினார்கள். பிறகு எல்லோரும் தூக்கினார்கள்.

கேழ்வரகு மாவை முந்தாநாளே கரைத்துப் புளிக்க வைத்தேன். நொய்யரிசி வேகவைத்து, மாவு ஊற்றி, இரண்டு பேர் மாற்றி மாற்றித் துடுப்புப் போட்டோம். சின்ன வெங்காயம், மோர், தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையும் கருவாடும். மூன்று அண்டா. கைக்கு வந்த பாத்திரத்தோடு தெரு முழுக்க வந்தது. பால் கேன், வாளி, பிரஷர் குக்கர்.

வரிசையில் பாத்திரக்கடைக்காரர் ஒருவர் வந்தார். நான் மார்க்கெட்டில் இருந்தபோது அவர் கடை ஷட்டருக்குக் கீழேதான் மழைக்காலத்தில் படுப்பேன். காலையில் வாளித் தண்ணீரை என்மேல் ஊற்றி எழுப்புவார். இன்று என் முன்னால் சொம்பை நீட்டிக்கொண்டு நின்றார். என்னை அடையாளம் தெரியவில்லை. தலை வாரி, பூ வைத்து, ஏப்ரன் கட்டியிருந்தேன். "நெறைய ஊத்தும்மா, வீட்ல மாமியார் கீறாங்க" என்றார். நிறையவே ஊற்றினேன். கீரையும் வைத்தேன். "நல்லா இரும்மா" என்றார்.

நான் யார் என்று சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பின்னால் ஒரு ஆள் பக்கெட்டோடு நின்றான். அடுத்து என்று சொன்னேன்.

அண்டாவைக் கழுவும்போது பியூலா மேடம், "இன்னிக்கு இடுப்புல கை வெச்சு நின்னீங்க பாருங்க, போட்டோ எடுத்திருக்கணும்" என்றார். நின்றேனா தெரியாது. நின்றிருப்பேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தம்பி ஏழுமலை போன் பண்ணினான். சாமான் எல்லாம் அவனே வாங்கி வருகிறானாம். "இலை, பூ, ஊதுபத்தி, அவன் பத்த வெக்கிற சிகரெட்டு, எல்லாம் நான் பாத்துக்குறேன்க்கா. நீ சமையல மட்டும் பாரு" என்றான்.

பியூலா மேடம் பக்கத்தில்தான் இருந்தார். படையலில் வேறு என்ன வைப்பீர்கள் என்று கேட்டார். எங்கள் சனத்தில் செத்தவர்களுக்குப் பிடித்ததெல்லாம் வைப்போம் என்றேன். அவர் என்னையே பார்த்தார். சரக்கும் வைப்போம் என்றேன். கும்பிட்ட பிறகு அதை என்ன செய்வீர்கள் என்றார். படையலில் வைத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது, வீட்டுக்குப் பெரியவர் முதலில் தொட்டு வாயில் வைப்பார், பிறகு எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள் என்றேன். வீட்டுக்குப் பெரியவர் யார் என்று அவர் கேட்கவில்லை.

"போக வேண்டாம்னு சொல்ல மாட்டேன். யாராவது கூட வரட்டுமா?"

அமலு உடனே, "நான் போறேன். அந்தத் தம்பி பாட்டில எடுத்தான்னா அவன் கைய ஒடைக்கிறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். அமலு பக்கத்தில் இருந்தால் அது அமலுவின் தைரியம். கஜாவுக்கு முன்னால் அதைக் காட்ட எனக்கு விருப்பமில்லை.

சரக்கு வைக்க வேண்டாமென்று மேகலாவிடம் சொல்லலாமே என்று பியூலா மேடம் கேட்டார். சொல்லலாம். ஆனால் ஏன் வேண்டாம் என்று கேட்பாளே.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஷைலஜா மறுபடியும் அந்தக் கஷாயம் கேட்டாள். ஊரில் இருக்கிற பிள்ளைக்கு நெஞ்சுச் சளியாம், போனில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமாம். அப்படி ஒரு கஷாயம் இல்லை, டாக்டரிடம் காட்டச் சொல் என்றேன். "அன்னிக்கு இருக்குன்னியே" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல், வேறு எதையும் வாயில் ஊற்றக் கூடாது என்று சொல் என்று சத்தம் போட்டுவிட்டேன். பயந்துபோய்விட்டாள்.

ஆகஸ்ட் 10, சனி

நீலச் சேலையைத் தேய்த்து மடித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

நேற்று எழுதத் தெம்பில்லை. இன்று எழுதுகிறேன், ஒன்றையும் விடாமல்.

காலை ஆறரைக்குக் கிளம்பி, பிராட்வேயில் பஸ் மாறி, ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். நாலு மாடி ஏறினேன். மேகலா கதவைத் திறந்து, சொன்னபடியே, "ஊதுங்க" என்றாள். ஊதினேன். எதிர்வீட்டுக்காரி கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பார்க்கட்டும் என்று இன்னொரு தடவை ஊதினேன்.

"போதும் அத்த. உள்ள வாங்க."

வஞ்சிரம் வறுவல், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, வடை, கேசரி. கேசரியில் திராட்சை போடக் கூடாது, கஜா பொறுக்கிப் பொறுக்கித் தட்டோரம் வைப்பான். அது எனக்கும் தெரிந்திருந்தது, அவளுக்கும். குழம்புக்குப் புளி கரைத்தபோது, "இன்னும் கொஞ்சம் அத்த, அவருக்கு நாக்கு கூசணும்" என்றாள். நான் வைத்த குழம்பை அவன் இத்தனை வருஷம் புளிப்பு போதாமல்தான் தின்றிருக்கிறான். ஒரு வார்த்தை சொன்னதில்லை. மேகலா சொன்ன அளவுக்கே ஊற்றினேன்.

பதினொரு மணிக்கு ஏழுமலையும் சொந்தக்காரர்கள் எட்டுப் பேரும் வந்தார்கள். ஏழுமலை கெட்டவன் இல்லை. கஜாவுக்கு மீசை அரும்பியபோது ரேஸர் வாங்கிக் கொடுத்தவன். அன்றைக்குக் கொள்ளி வைத்ததும் அவன்தான். கஜா ஹெல்மெட் போட்டு, இடுப்பில் பெல்ட் கட்டி, மொட்டை மாடியில் நின்று சிரிக்கிற படம். அதற்கு மாலை போட்டு, முன்னால் இலை விரித்தோம். நான் ஒவ்வொன்றாகப் பரிமாறினேன்.

கடைசியில் ஏழுமலை மஞ்சள் பையிலிருந்து குவாட்டர் பாட்டிலை எடுத்தான். பிராந்தி. புதுக் கண்ணாடித் தம்ளர் ஒன்றும் கொண்டுவந்திருந்தான். மூடியைத் திருகி ஊற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷத்தில் வஞ்சிரம் வாசனையும் போயிற்று, சாம்பிராணி வாசனையும் போயிற்று. அறை முழுக்க அதுதான். என் வாயில் எச்சில் ஊறியது. எல்லோரும் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் தம்ளரைத்தான் பார்த்தேன். பொய் எழுதக் கூடாது.

கற்பூரம் காட்டி முடிந்தது. ஏழுமலை தம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"யக்கா, பெத்தவ நீ. ஒரே ஒரு சொட்டு நாக்குல வெச்சுக்குனு கீழ வெய். அப்பறந்தான் நாங்க தொடணும். காரியத்துக்குத்தான் நீ இல்ல. இதயாவது செய். அவன் மனசு குளிரட்டும்."

அழுதுகொண்டே சொன்னான். ஒரு சொட்டுதான். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மேகலா கற்பூரத் தட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

தம்ளர் சில்லென்று இருந்தது. அதைக் கஜாவின் இலையிலிருந்து தள்ளி, தரையில் வைத்தேன்.

"ஏழுமல, இத அவனுக்குப் புடிச்சதுன்னு வெக்காத. இது எனக்குப் புடிச்சது."

"இன்னாக்கா பேசுற?"

"ஆறு வயசுல அவனுக்கு சளி. ராத்திரி முழுக்க இழுக்கும். நான் வெச்சிருந்தத ஒரு ஸ்பூனு ஊத்துனேன். தூங்குனான். மறுநாளும் ஊத்துனேன். சளி போன பெறகும் ஊத்துனேன். அவன் தூங்குனாத்தான் நான் வெள்ளன எழுந்து வேலைக்குப் போவ முடியும். ஒரு நாளு, அம்மா மருந்துன்னு அவனே வந்து வாயத் தொறந்துக்குனு நின்னான். நான் சிரிச்சேன். ஊருக்கெல்லாம் கஷாயம்னு சொன்னேன். அவன் கயித்துலருந்து வுழுந்தப்ப வாயில வாடை இருந்துச்சுன்னு போலீஸ்ல எழுதுனாங்களே, அது அவன் வாடை இல்ல. எங்கிட்ட வாங்குன வாடை."

பெரியம்மா முறை ஒருத்தி, "சாமி கும்புடற நேரத்துல இன்னாடி இது" என்றாள். நான் என் செருப்பு எங்கே கிடக்கிறது என்று வாசல் பக்கம் பார்த்தேன். மேகலா போகச் சொல்லுவாள், சொன்னால் சத்தம் போடாமல் போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சேலையைக்கூட இழுத்துச் செருகிக்கொண்டேன்.

மேகலா தட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும் அத்த. கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டாரு. எங்கம்மா ஊத்துன மருந்துன்னு சிரிச்சிக்கினே சொன்னாரு. நீங்களா என்னிக்காவது சொல்லுவீங்களான்னுதான் பாத்துனு இருந்தேன்."

பிறகு ஏழுமலையிடம், "மாமா, அத எடுத்துருங்க" என்றாள்.

ஏழுமலை தம்ளரையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். இரண்டு ஆம்பிளைகள் பின்னாலேயே போனார்கள். பத்து நிமிஷம் கழித்துக் கை வீசிக்கொண்டு வந்தான். எங்கே ஊற்றினான் என்று நான் கேட்கவில்லை. அவன் வாயில் வாடை இருந்தது. அது அவன் பாடு.

"முதல்ல நீங்க எடுங்க அத்த" என்று மேகலா இலையைக் காட்டினாள். ஒரு துண்டு வஞ்சிரம் எடுத்து வாயில் போட்டேன். பெற்றவள் எடுத்த பிறகு மற்றவர்கள் எடுத்தார்கள். எல்லோருக்கும் நானே பரிமாறினேன். ஏழுமலை இரண்டாவது தடவை குழம்பு கேட்டான். "புளிப்பு சூப்பரா கீதுக்கா" என்றான். அது மேகலா சொன்ன அளவு என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். அழுகிறாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னொரு வடை வைத்தேன், தின்றாள்.

நாலு மணிக்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருகிறேன் என்று மேகலாவும் செருப்பைப் போட்டுக்கொண்டாள். மூன்றாவது மாடிப் படியில், புதிதாகக் குடிவந்தவள் போல, ஒரு பெண் தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்தாள். வழி விட்டு நின்றோம். என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரு மேகலா இவங்க? பாத்ததே இல்லயே" என்றாள்.

"கஜா அம்மா. எங்க அத்த. இன்னிக்கு மொத்தச் சமையலும் இவங்கதான்" என்றாள் மேகலா.

அந்தப் பெண் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "வாசனை மூணு மாடிக்கு வந்துச்சு" என்றாள்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கால் நன்றாகத்தான் இருந்தது. இன்னும் யாராவது கேட்கட்டும் என்று மெதுவாக இறங்கினேன்.